பாசியும் பயிரும்

கல்வராயன் மலையினின்று இறங்கும் கோமுகி நீர், கள்ளக்குறிச்சி வயல்களிற் சில நாட்கள் தேங்கி நிற்பின் பாசி படர்கின்றது. காண்போர் அதனை அழுக்கென இகழ்வர். அவ்விகழ்ச்சி தகாது என்பதே எம் கருத்து.

பாசியின் உயிரணு, நீரிலுள்ள நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர் அம்மோனியாவாகவும் மாற்றுகின்றது. அம்மோனியா குளுட்டமேட்டுடன் கூடிக் குளுட்டமின் ஆகும். அதன்வழி ஏனைய அமினோ அமிலங்களும், அவற்றாற் புரதங்களும் அமையும். பகலில் வளர்ந்த பச்சைப்பாசியணு பெரும்பாலும் இரவிற் பிளந்து பல்கும். நைட்ரஜன் இல்லையேற் பிளவு நின்றுவிடும்; மாச்சத்தும் கொழுப்புமே மிகும்.

நீலப்பச்சைப்பாசிகளுட் சிலவோ காற்றிலுள்ள நைட்ரஜனையே கவர வல்லன. அவை மடிய, அச்சத்து நெல்லுக்கு உரமாகும். இத்தொண்டினை 1939-ஆம் ஆண்டிற் பி. கே. டே என்னும் அறிஞர் ஆய்ந்து காட்டினார். ஆயின், யூரியாவை அளவின்றி இறைப்பின், அம்மோனியா மிகுந்து, பாசி அவ்வுழைப்பைக் கைவிடும். உழவன் விலைகொடுத்து வாங்குவது, விலையின்றிக் கிடைப்பதைத் தடுத்துவிடுகின்றது!

யூரியாவை அறவே விலக்குக என்று யாம் கூறவில்லை. பாசியால் மட்டும் முழு விளைச்சல் வாராது. அளந்து இடுக என்பதே எம் வேண்டுகோள். இவ்வறிவை உழவர்க்கு அவர்தம் மொழியிலேயே எடுத்துரைத்தல், தமிழ் பயிலும் நமக்கும் உரிய கடமையன்றோ?