யூ-டர்ன் போடும்போது விபத்து... தப்பு யார் மேல? இழப்பீடு யார் தருவாங்க? சட்டம் சொல்வது என்ன?

"இன்டிகேட்டர் போட்டுட்டுத்தானே திரும்பினேன், அவர்தான் வேகமா வந்து இடிச்சார்..." "நான் என் பாட்டுக்கு நேராத்தான் வந்தேன், அவர்தான் திடீர்னு குறுக்க திருப்பிட்டார்..."

யூ-டர்ன் விபத்து நடந்த இடத்தில் வழக்கமாகக் கேட்கும் வாக்குவாதம் இது. சுற்றி நிற்பவர்களோ, "பெரிய வண்டிக்காரர் மேலதான் தப்பு" என்று அங்கேயே தீர்ப்பு சொல்லிவிடுவார்கள்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. யார் பக்கம் எத்தனை சதவீதம் கவனக்குறைவு என்றுதான் கணக்குப் போடும். அந்த சதவீதத்தைப் பொறுத்து, பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குக் கிடைக்கும் தொகை லட்சக்கணக்கில் மாறும்.

எங்கே திரும்பக் கூடாது?

'நோ யூ-டர்ன்' போர்டு உள்ள இடம், வாகனங்கள் நெருக்கமாகப் போய்க்கொண்டிருக்கும் சாலை, நடுவே விடாமல் கோடு போட்டிருக்கும் இடம் ஆகியவற்றில் யூ-டர்ன் போடக் கூடாது.

அனுமதி உள்ள இடத்திலும் சிக்னல் காட்டி, கண்ணாடியில் பின்னால் பார்த்து, சாலை காலியான பிறகுதான் திரும்பணும். அதாவது, நேராக வரும் வண்டிக்கு வழிவிட வேண்டியது திரும்புபவரின் பொறுப்பு. இன்டிகேட்டர் என்பது 'திரும்பப் போறேன்' என்ற அறிவிப்பு மட்டும்தான். திரும்பும் உரிமையை அது தந்துவிடாது.

அபராதம் எவ்வளவு?

சாலை விதிமீறலுக்கு 500 ரூபாயில் இருந்து அபராதம் தொடங்குகிறது. 'யூ-டர்ன் ரொம்ப தூரத்துல இருக்கு' என்று ராங் சைடில் போனால் விஷயம் பெரிசு. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவு, அதை ஆபத்தான ஓட்டுதல் என்றே குறிப்பிடுகிறது. ஆபத்து ஏற்படும் வகையில் அப்படி ஓட்டினால், முதல் முறைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

விபத்தில் உயிர் போனால், பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவில் வழக்கு வரும். கவனக்குறைவால் மரணம் விளைவித்ததற்கு 5 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு.

அப்போ நேரா வந்தவர் மேல தப்பே இல்லையா?

அப்படியும் சொல்ல முடியாது. அதிவேகம், செல்போன் பேச்சு, ஹெட்லைட் இல்லாமல் வருவது, முன்னால் போகும் வண்டியோடு இடைவெளி விடாதது எல்லாம் அவர் பங்கை ஏற்றும்.

கோவையில் 2017-ல் நடந்த ஒரு விபத்து இதற்கு நல்ல உதாரணம். அது யூ-டர்ன் விபத்து இல்லை. ஆனாலும் பொறுப்பை நீதிமன்றம் எப்படிப் பிரிக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரியும். நெடுஞ்சாலையில் போன கார் ஒன்று திடீரென பிரேக் போட, பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் அதில் மோதி விழுந்தார். அடுத்து வந்த பஸ் அவர் மேல் ஏறியதில் ஒரு காலை இழந்தார்.

கர்ப்பிணி மனைவிக்கு வாந்தி வருவது போல் இருந்ததால் நிறுத்தியதாக கார் ஓட்டியவர் சொன்னார். எச்சரிக்கை காட்டாமல் நெடுஞ்சாலையில் திடீரென நிறுத்துவதற்கு அது காரணமாகாது என 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கார் ஓட்டியவருக்கு 50%, பஸ் டிரைவருக்கு 30% பொறுப்பு. இடைவெளி விடாமல் வந்த, லைசென்ஸும் இல்லாத மாணவருக்கு 20%. மொத்த இழப்பீடு சுமார் 1.14 கோடி ரூபாய். அதில் 20% கழிந்து, அவருக்கு சுமார் 91 லட்சம்தான் கிடைத்தது.

யூ-டர்ன் வழக்கிலும் கணக்கு இதேதான். 20 லட்சம் இழப்பீடு என முடிவாகி, உங்க பக்கம் 40% தப்பு என்றால், கைக்கு வருவது 12 லட்சம்.

பின்னால் உட்கார்ந்து வந்தவருக்கு?

வண்டியை ஓட்டியவரின் தப்பை, சும்மா உட்கார்ந்து வந்தவர் தலையில் கட்ட முடியாது. இரண்டு வாகனங்கள் மீதும் தப்பு இருந்தால், அவற்றில் எந்தத் தரப்பிடம் இருந்தும் முழு இழப்பீட்டையும் கேட்கலாம் என்று 2015-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. யார் எவ்வளவு கொடுப்பது என்பதை அவங்க தங்களுக்குள் பார்த்துக்கணும்.

திரும்பியவர் மேலேயே முழுத் தப்பு என்றால்?

தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் எதிர்த்தரப்புக்குத்தான் பணம் தரும், தப்பு செய்த டிரைவருக்குத் தராது. அவர் வண்டியின் சொந்தக்காரராகவும் இருந்து உயிரிழந்தால், கட்டாய தனிநபர் விபத்துக் காப்பீட்டில் குடும்பத்துக்கு 15 லட்சம் கிடைக்கும். அதற்கும் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்திருக்கணும்.

விபத்து நடந்தா என்ன செய்யணும்?

* முதலில் 108-க்கு போன் பண்ணுங்க. அடிபட்டவரை நல்லெண்ணத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ப்பவர் மீது வழக்கு பாயாது. மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருது.
* வண்டிகளை நகர்த்தும் முன்பு போட்டோ எடுங்க. டயர் தடம், சாலைக் கோடு, 'நோ யூ-டர்ன்' போர்டு எல்லாம் படத்தில் வரணும்.
* பக்கத்துக் கடைகளின் சிசிடிவி பதிவு அழியும் முன் போலீசிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்க.
* எஃப்.ஐ.ஆரில் உங்க மேல் தப்பு என்று இருந்தாலும் சோர்ந்து போகாதீங்க. அது இறுதி ஆதாரம் இல்லை. தீர்ப்பாயம் சாட்சிகளைத் தனியாக விசாரிக்கும்.
* மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போட சட்டத்தில் உள்ள கெடு 6 மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் இது அமலில் இருக்கு. 'காரியம் எல்லாம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீங்க.