ஒரே ரைஃபிளில் ரெண்டு சைட்... எதுக்கு?

ஆப்கானிஸ்தான் போரில் பிரிட்டிஷ் ராணுவத்தினர் தங்கள் எல்85ஏ2 ரைஃபிளில் 4 மடங்கு பெரிதாக்கும் எல்கன் ஸ்கோப்பைப் பொருத்தினார்கள். அதன் தலைமேலேயே 'ஷீல்ட்' நிறுவனத்தின் குட்டி ரெட் டாட் சைட் ஒன்று. ஒண்ணு போதாதா?

போதாது. 300 மீட்டர் தள்ளி நிற்பவர் கையில் இருப்பது துப்பாக்கியா, மண்வெட்டியா? அதை ஸ்கோப்தான் சொல்லும். ஆனால் 10 மீட்டரில் அதே ஸ்கோப்பின் பார்வை ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலத்துக்குச் சுருங்கிவிடும். பக்கத்தில் நிற்பவர் யாரென்றே தெரியாது.

ரெட் டாட் எதையும் பெரிதாக்காது. இரண்டு கண்ணையும் திறந்தபடியே சிவப்புப் புள்ளியை இலக்கில் வைக்கலாம்.

சிக்கலும் உண்டு. புள்ளி, குழலுக்குச் சில அங்குலம் மேலே இருக்கிறது. அதனால் மிகக் கிட்டத்தில் குண்டு, புள்ளிக்குக் கீழேதான் படும். தலையைத் தூக்கிப் பார்ப்பதால் கன்னத்துக்குப் பிடிமானமும் போய்விடும். 45 டிகிரி சாய்த்துப் பக்கவாட்டில் மாட்டினால் இந்தத் தொல்லை குறையும். ஆனால் ரைஃபிளைச் சாய்க்கப் பழகணும்.

1 முதல் 8 மடங்கு வரை மாற்றக்கூடிய எம்157 சைட்டை அமெரிக்க ராணுவம் 2022-ல் தேர்ந்தெடுத்தது. ஒரே கருவி, ரெண்டு வேலை. ஆனாலும் 8-ல் வைத்திருக்கும்போது கதவு திறந்தால், மாற்ற நேரம் வேணுமே!

ஆள் தெரியாமல் சுட்டால் அப்பாவி சாவார். தாமதித்தால் சிப்பாய் சாவார். அந்த வகையில் ரெண்டு சைட் ஆடம்பரமில்லை. ரெண்டிலும் பயிற்சி தராமல் மாட்டிவிடுவதுதான் வீண்செலவு.