எண்ணூரில் இறங்கும் எரிவளியும் காரைக்குடி ஆய்வகமும்

செட்டிநாட்டு மாளிகைகளின் தேக்கும் பளிங்கும் கடல் கடந்து வந்தவை. வாணிகம் செழித்த காலத்தில் அது பெருமை. வயலுக்கு உரம் ஆக்கவும் ஆலையை ஓட்டவும் வேண்டிய எரிபொருளே கப்பலில் வந்திறங்க வேண்டும் என்பதோ பெருமையன்று. பிடரியில் பிறர் கைவைக்க இடங்கொடுப்பதாகும்.

இந்தியா நுகரும் இயற்கை எரிவளியில் ஏறத்தாழப் பாதி அயல்நாட்டது. அதனைச் சுழிக்குக் கீழ் 162 பாகை வரை குளிர்வித்து, நீர்மமாக்கி, அறுநூற்றில் ஒரு பங்காகச் சுருக்கிக் கப்பலேற்றுகின்றனர். 2019 முதல் எண்ணூரிலும் அது இறங்குகின்றது. மிகுதியாக விற்கும் கத்தாரின் கப்பல்கள் ஓர்முசு நீரிணை என்னும் ஒற்றை வாயிலைக் கடந்தே வெளிவர வேண்டும்.

நெடுங்கால ஒப்பந்தம் இருக்கையில் அச்சம் ஏன் என்பார்க்கு 2022ஆம் ஆண்டு விடை கூறிற்று. உருசியக் காசுபுரோமின் கிளையோடு கெயில் நிறுவனம் 20 ஆண்டு ஒப்பந்தம் செய்திருந்தது. உக்குரேன் போர் மூண்டது. அக்கிளை செருமனி அரசின் பொறுப்பிற் சென்றது. வரவேண்டிய கப்பல்கள் வரவில்லை. உர ஆலைகளுக்கு அளித்த எரிவளியையே குறைக்க நேர்ந்தது. ஒப்பந்தத் தாள் அடுப்பெரிக்கவும் போதாது!

எரிவளியை மிகுதியாக விழுங்குவன உர ஆலைகளே. அம்மோனியா ஆக்க வேண்டிய ஐட்ரசன் என்னும் நீரகத்துக்காகவே அவை பெரும்பாலும் அதனை வாங்குகின்றன. அந்நீரகம் தண்ணீரிலும் உண்டு. மின்னாற்றலைப் பாய்ச்சினால் பிரிந்து வரும். பிரிக்கும் கலையே மின்வேதியியல்.

அக்கலைக்கென்றே காரைக்குடியில் ஓர் ஆய்வகம் உள்ளது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருபாவும் ஈந்தார். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 சனவரியில் இராதாகிருட்டிணன் திறந்து வைத்தார். மின்பகுப்பும் மின்கலமும் அதன் ஆய்வுப் பொருள்கள். மின்னாற்றலுக்கோ தமிழகத்தில் குறைவில்லை. அண்டையிலுள்ள கமுதியில் 648 மெகாவாட்டுக் கதிரொளி மின்னிலையம் 2016இல் எழுந்தது. முப்பந்தலில் ஆடிக்காற்று வீசுகின்றது. அக்காற்று மிகுந்த நாள்களில் மின்னைக் கொள்ள வழியின்றிக் காற்றாலைகளை நிறுத்திவைத்ததும் உண்டு. அம்மிகையே தண்ணீரைப் பிரிக்கப் பயன்பட்டிருக்கும்.

இம்முறையில் பெறும் நீரகம் விலை கூடியது என்பது மெய்யே. அதனைக் குறைக்கவே நடுவணரசு 2023 சனவரியில் 19,744 கோடி உருபாத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 இலக்கம் தொன் என்பது குறிக்கோள். அத்தொகையில் அயல்நாட்டு மின்பகுப்புக் கலன்களை வாங்கிக் குவித்தால், எரிவளிக்கு ஏந்திய கையைக் கலனுக்கு ஏந்தியதாகும். காரைக்குடியில் தேறிய முறைகளுள் ஆலைக்குரியவை எவை என்று தமிழ்நாட்டரசு இன்றே கேட்டறிந்து முதலிட வேண்டும். அழகப்பர் பிறந்த மண்ணின் செல்வர்களும் அவ்வாய்வகத்தின் கதவைத் தட்டலாம். அது அவர்கள் ஊரிலேயே இருக்கின்றது.