சொல் விளங்கினால் பயம் தெளியும்

“வைஃபை வேலை செய்யவில்லை” என்று பல வீடுகளில் முறையிடுகிறார்கள். பழுது எப்போதும் வைஃபையில்தான் இருக்கும் என்றில்லை. வைஃபை என்பது வீட்டிலுள்ள ரவுட்டருக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையிலான வானலைத் தொடர்பு மட்டுமே. இணையமோ வெளியிலிருந்து வருவது. வாய்க்கால் சீராக இருந்தாலும் குளத்தில் நீரில்லாவிட்டால் வயல் காயும் அல்லவா? அதுபோலவே வைஃபைக் குறி நிறைந்திருந்தும் இணையம் வராதிருக்கலாம். இவ்வேறுபாட்டை அறியாத குடும்பம் பழுதில்லாத ரவுட்டரை மாற்றப் பணம் செலவிடுகிறது.

ரவுட்டர் நீர் பங்கிடும் மடை போன்றது. ஒவ்வொரு கருவிக்கும் ஐ.பி. முகவரி என்ற இலக்கம் கொடுத்து, உரியதை உரிய கருவிக்கு அனுப்புகிறது. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை கூடிய தூரம் எட்டும். சுவரையும் ஓரளவு கடக்கும். 5 கிகாஹேர்ட்ஸ் விரைவானது; ஆனால் எட்டும் தூரம் குறைவு.

கடவுச்சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று வைஃபையில் இணைவதற்கு. மற்றது ரவுட்டரின் அமைப்புகளை மாற்றுவதற்கு. பலர் இரண்டாவதை அறியார். கருவியோடு வந்த சொல்லையே விட்டுவைப்பது, வீட்டைப் பூட்டித் திறப்பைக் கதவிலேயே விடுவதற்கு ஒப்பாகும்.

பொருத்த வருபவர் “உங்களுக்கு விளங்காது” என்று சொல்லிப் போவது முறையன்று. நீர்ப்பங்கீட்டின் நுணுக்கம் அறிந்த உழவருக்கு இது விளங்காதா? வெட்கப்படாமல் கேளுங்கள். இரு கடவுச்சொற்களையும் மாற்றுவித்து, உங்கள் கொப்பியில் நீங்களே எழுதி வையுங்கள். வீட்டுக் கருவியின் திறப்பு வீட்டாரிடமே இருக்கவேண்டும்.