சிங்கிள் காயில் கிதாருக்கு எந்த மரம்?

எலெக்ட்ரிக் கிதார் வாங்கப் போகிறவரிடம் கடைக்காரரும் சரி, நெட்டில் எழுதுகிறவர்களும் சரி, முதலில் மரத்தின் ஜாதகத்தைத்தான் விரிக்கிறார்கள். ஆஷ் என்றால் பளீரென்று கேட்கும், ஆல்டர் என்றால் சமமாக இருக்கும், மஹோகனி என்றால் கனத்த சத்தம்... அதிலும் சிங்கிள் காயில் பிக்கப் என்றால் கேட்கவே வேண்டாம். 'இதுக்கு ஆஷ்தான் சார்' என்று விலையைக் கூட்டிவிடுவார்கள். கையில் எண்ணி வைத்த காசோடு வரும் மாணவருக்கு அது பெரிய தொகை.

சிங்கிள் காயில் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி. மேலே எஃகுத் தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் மாறும், சுருளில் மின்சாரம் பிறக்கும். அவ்வளவுதான். மரம் எழுப்பும் சத்தத்தை அது மைக் மாதிரிக் கேட்பதில்லை. தந்தி அதிரும் விதத்தை மரம் கொஞ்சம் மாற்றலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் காயிலில் எத்தனை சுற்று, என்ன காந்தம், தந்திக்கு எவ்வளவு கிட்டே, பிரிட்ஜிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றுக்கு முன்னால் அது சில்லறை விஷயம்.

பிறகு ஆஷும் ஆல்டரும் எப்படிப் பேர் வாங்கின? ஃபெண்டர் 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை ஆஷ் மரத்தில் கொண்டு வந்தது. 1956-ல் பெரும்பாலான ஸ்ட்ராட்கள் ஆல்டருக்கு மாறின. ஆஷில் துளைகள் அதிகம். பெயிண்ட் அடிக்குமுன் ஃபில்லர் பூசித் தேய்க்க வேண்டும். ஆல்டருக்கு அந்த வேலை மிச்சம். ரேகை தெரியும் பிளாண்ட் நிறத்துக்கு மட்டும் ஆஷ் தொடர்ந்தது. காதை விட காஸ்ட் ஷீட்தான் அதிகம் பேசியிருக்கிறது! 2020-ல் ஃபெண்டர் பெரும்பாலான மாடல்களில் ஆஷைக் குறைப்பதாக அறிவித்ததும் ஒலிக்காக அல்ல. மிசிசிப்பி வெள்ளமும், ஆஷ் மரங்களைத் துளைத்துக் கொல்லும் ஒரு பச்சை வண்டும்தான் காரணம்.

குவீன் குழுவின் பிரையன் மே 1963-ல் அப்பாவோடு சேர்ந்து வீட்டிலேயே செய்யத் தொடங்கிய கிதாரைப் பாருங்கள். உடலின் நடுப்பகுதி பழைய மேஜையின் ஓக், கழுத்து பழைய கணப்படுப்பின் மஹோகனி. போட்டது பர்ன்ஸ் கம்பெனியின் சிங்கிள் காயில்கள். எந்த மர ஜாதகத்திலும் இந்தப் பொருத்தம் கிடையாது. டானெலெக்ட்ரோவோ மேசனைட் அட்டையிலேயே கிதார் செய்து விற்றது. அதை ஜிம்மி பேஜ் மேடையில் வாசித்தார்.

அதற்காக எந்த மரமானாலும் சரி என்றில்லை. இரண்டு மணி நேரம் தோளில் தொங்கப்போகிற பொருள், ஆகவே எடை முக்கியம். பாஸ்வுட் மிருதுவானது, சீக்கிரம் பள்ளம் விழும், திருகைக் கழற்றிக் கழற்றி மாட்டினால் பிடிமானம் போய்விடும். ரேகை தெரிய வேண்டுமா, ஆஷுக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம். ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்ததென்றால் ஆல்டரோ பாப்லரோ போதும். மிச்சப் பணத்தை நல்ல பிக்கப்புக்கும், செட்டப்புக்கும், பிக்கப் குழிக்குள் ஒட்டும் செம்புத் தாளுக்கும் செலவழிக்கலாம். ட்யூப்லைட் பக்கம் போனால் வரும் இரைச்சல் அதில் ஓரளவு அடங்கும். சிங்கிள் காயிலுக்கே உரிய அந்த 'ம்ம்ம்' மட்டும் முழுதாகப் போகாது.