அசல் என்னும் பூச்சாண்டி

பழைய கிதார் ஆம்ப்ளிஃபயர் சேர்க்கிறவர்களின் ‘அசல்’ பித்து எனக்குப் பொறுக்கவில்லை. சிக்காகோவின் வால்கோ கம்பெனி 1950-களில் செய்த வால்வுப் பெட்டிகளைப் பாருங்கள். ஒரே பட்டறைச் சரக்குக்கு ‘சூப்ரோ’, ‘நேஷனல்’, ‘ஏர்லைன்’ என்று பல பெயர். பெயர்த்தகடு விழுந்துவிட்டால் குலம் கோத்திரம் தெரியாது. ஸ்பீக்கரில் 220 என்று தொடங்கும் எண் இருந்தால் அது ஜென்ஸன் செய்தது. பின்னால் வருவது ஆண்டும் வாரமும். அதுகூட ஸ்பீக்கரின் ஜாதகம்தான், பெட்டியினுடையது அல்ல. நடுவில் யாராவது மாற்றியிருக்கலாம்.

இத்தனையும் ஆராய்கிற மகானுபாவர்கள், உள்ளே உலர்ந்து செத்துப்போன கண்டென்ஸரை மட்டும் மாற்ற மாட்டார்களாம்! பல பெட்டிகளில் வயர் இரண்டு கம்பிதான்; மின்சாரத்துக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே ஒரு கண்டென்ஸர் வேறு. அது பழுதானால் தந்தியைத் தொட்டவன் கதி என்ன? அமெரிக்க ரிப்பேர்க்காரர்கள் அதற்குச் ‘சாவுக் கண்டென்ஸர்’ என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கழற்றிவிட்டு, எர்த்தோடு மூன்று கம்பி போடச் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறார்கள்.

ட்ரான்ஸ்ஃபார்மரையும் ஸ்பீக்கரையும் தொடாதே என்றால் நானும் கட்சி சேருவேன். குரல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. கழற்றிய கண்டென்ஸரை ஓர் உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்களேன், யார் வேண்டாமென்றார்கள்?