அலங்கார மரங்களும் விண்பதியனும்

வீட்டு முற்றத்திலும், கோயில் நந்தவனத்திலும், பஞ்சாயத்துச் சாலையின் இருமருங்கிலும் பூமரங்கள் வைத்து வளர்க்கவேண்டுமென்னும் ஆவல் நமது கிராமங்களில் அதிகரித்து வருவது மெச்சத்தக்கதே. ஆனால் அதனுடன் கூடவே, எந்த மரமாயினும் விண்பதியனாகவே வாங்கவேண்டும், வித்திலிருந்து வந்த கன்று மட்டமானது என்னும் ஓர் எண்ணமும் பலரிடம் வேரூன்றியிருக்கின்றது. கன்று விற்போர் இதனை மறுப்பதில்லை. மறுப்பதால் அவர்களுக்கு லாபமும் இல்லை. முற்றத்து மரத்தைப் பொறுத்தவரையில் இவ்வபிப்பிராயம் பெரும்பாலும் சரியே. சாலைக்கும் ஏரிக்கரைக்கும் இது சற்றும் பொருந்தாது என்பதே என் கருத்து.

கிளையைத் தாய்மரத்தினின்றும் வெட்டாமல், அது நிற்கும் இடத்திலேயே வேர்விடச் செய்வது விண்பதியன். சீன தேசத்தாரும் வங்காளத்தாரும் இதனை நெடுங்காலமாகக் கையாண்டு வந்திருக்கின்றனர். பென்சில் கனத்திற்குக் குறையாத, நோயற்ற, ஒரு வருஷத்துக் கிளையைத் தெரிந்துகொண்டு, கணுவுக்குச் சற்றுக் கீழே சுமார் ஓர் அங்குல அகலத்திற்கு வளையமாகப் பட்டையை நீக்கவேண்டும். நீக்கியபின் கட்டையின்மேல் வழவழப்பாக இருக்கும் மெல்லிய படலத்தையும் கத்தியின் முதுகால் சுரண்டிவிடுதல் அவசியம். வேலையாட்கள் பெரும்பாலும் விட்டுவிடுவது இந்தச் சுரண்டலைத்தான். படலம் எஞ்சியிருந்தால் மேற்பட்டையும் கீழ்ப்பட்டையும் மறுபடி ஒன்றுகூடிக் காயம் ஆறிவிடும், வேர் இறங்காது. வேரிலிருந்து ஏறும் நீர் கட்டையின் வழியே செல்வதால் கிளை வாடுவதில்லை. இலைகளில் உண்டாகிப் பட்டையின் வழியே இறங்கும் உணவும், வேரைத் தூண்டும் சத்தும் வெட்டின் மேல்விளிம்பிலேயே தங்கிவிடுவதால் அவ்விடத்தில் வேர் பிறக்கின்றது.

முற்காலத்தில் காயத்தைச் சுற்றி மண்ணை உருண்டையாகப் பிடித்துச் சாக்கினால் கட்டி, மேலே துவாரமிட்ட கலயத்தைத் தொங்கவிட்டு, நீர் சொட்டுச் சொட்டாக விழும்படி செய்வர். ஒரு வேளை நீர் ஊற்ற மறந்தாலும் உழைப்பு வீண். 1947-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் பிளாரிடா நாட்டுக் கர்னல் குரோவ் என்பவர் லிச்சி மரங்களில் பாலிதீன் தாளைச் சுற்றிப் பதியனிட்டு வெற்றி கண்டபின், கலயத்திற்கு வேலையில்லாமற் போயிற்று. நனைத்துப் பிழிந்த பாசியையாவது, நன்கு மக்கிய தென்னைநார்த் தூளையாவது காயத்தின்மேல் வைத்து, தாளைச் சுற்றி இரு முனைகளையும் இறுகக் கட்டிவிட்டால் ஈரம் வெளியேறாது. மழைக்காலத் தொடக்கத்தில் கட்டிய பதியன் மரத்திற்கேற்ப ஒன்று முதல் மூன்று மாதங்களில் வேர்விடும். வெள்ளை வேர்கள் தாளின் ஊடே கண்ணுக்குத் தெரியும். பிடிவாதமான இனங்களுக்கு மேல்விளிம்பில் இண்டோல் பியூட்ரிக் அமிலப் பொடியைச் சிறிது தடவலாம். இத்தகைய அமிலங்கள் வேரைத் தூண்டும் என்பது 1935-ஆம் வருஷத்தை ஒட்டிய ஆராய்ச்சிகளால் வெளியாயிற்று.

இம்முறையினால் அலங்கார மரங்களுக்கு உண்டாகும் நன்மை பெரிது. பூமருதின் வித்தை விதைத்தால் ஒரு கன்று ஊதாவும் மற்றொன்று வெளிறிய சிவப்புமாகப் பூக்கும். மனத்திற்கு உகந்த நிறமுள்ள மரத்தைப் பதியனிட்டால் அதே நிறம் தவறாது. செண்பகத்தின் வித்துக் கன்று பூப்பதற்கு எட்டுப் பத்து வருஷங்கள் செல்லும்; பதியன் எளிதில் பிடிக்காவிடினும், பிடித்தது அதற்கு வெகு முன்னரே பூக்கும். இலையில் வெண்பட்டையுள்ள இரப்பர் அத்தியை வித்தினால் பெறவே இயலாது. பர்மாவுக்குரிய அம்ஹெர்ஸ்டியா என்னும் பேரழகான மரம் வித்துக் கட்டுவதே அருமையாகையால், தோட்டக்காரர்கள் அதனைப் பதியன் கொண்டே காத்து வருகின்றனர். ஈழத்தலரிக்கோ, பூவரசுக்கோ இவ்வளவு பிரயத்தனம் வேண்டுவதில்லை. போத்து வெட்டி நட்டாலே போதும்.

இனிச் சாலை மரத்தைக் கவனிப்போம். பதியனுக்கு ஆணிவேர் கிடையாது. வெட்டின் விளிம்பில் தோன்றிய பக்கவேர்களை நம்பியே அது நிற்கவேண்டும். அவ்வேர்களும் பல சமயங்களில் ஒரே பக்கமாகக் குவிந்திருக்கும். முற்றத்தில் சுவரின் மறைவில், பத்தடி உயரத்திற்குக் கவாத்துச் செய்து வளர்க்கும் மரத்திற்கு இது குறையாகாது. முப்பது அடி உயர்ந்து, காற்றை முழுவதும் ஏற்று, அடியில் மனிதரும் மாடும் வண்டியும் செல்லும் இடத்தில் நிற்கும் மரத்திற்கு இது ஆபத்தாகும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரணியம், பட்டுக்கோட்டைப் பகுதிகளிலும் எத்தனை மரங்களைச் சாய்த்தன என்பதை நாம் மறக்கவில்லை. சாய்ந்தவை பதியன்கள் என்று நான் கூறவரவில்லை. வித்தில் வந்த மரங்களே அவ்வாறு சாயும் நாட்டில், பிடிப்புக் குறைந்த வேரை நாமே தேடிச் சென்று நடுவானேன் என்பதே என் கேள்வி.

பழைய சாலைகளில் ஆலம்போத்து நட்டு வளர்த்த மரங்கள் நூறு வருஷம் நிற்கவில்லையா, அவற்றிற்கு ஆணிவேர் ஏது என்று மிராசுதார் ஒருவர் என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான். ஆலமரம் விழுதுகளை இறக்கித் தனக்குத்தானே தூண் நிறுத்திக்கொள்ளும்; பூமருதும் செண்பகமும் அவ்வாறு செய்யமாட்டா. வித்துக் கன்றென்றால் எல்லாம் நன்றென்பதும் இல்லை. சிறு பையில் இரண்டு வருஷம் கிடந்து, வேர் சுருண்டுபோன வேப்பங்கன்று பதியனைவிடக் கேடு. ஆகவே, சாலைக்கு வேம்பு, புங்கு முதலியவற்றின் புது வித்தைக் குழியிலேயே விதைப்பது அல்லது வேர் சுருளுமுன் இளங்கன்றாக நடுவது சிலாக்கியம். வேப்பம்வித்து சில வாரங்களிலேயே முளைப்புத்திறனை இழக்குமாதலால், பழம் உதிரும் காலத்திலேயே காரியத்தை முடிக்கவேண்டும்.

பதியனை விலைகொடுத்து வாங்குவதும் பெரும்பாலும் அநாவசியமே. அண்டை வீட்டில் நல்ல மரமிருந்தால் ஒரு கத்தியும், ஒரு பிடிப் பாசியும், ஒரு முழத் தாளும் போதும். ஒரே மரத்தில் இருபது முப்பது கட்டித் தாயை நலிவிக்கலாகாது. வேர் நிறைந்தபின் கட்டுக்குக் கீழே பாதியளவு வெட்டி, பத்து நாள் கழித்து மீதியை வெட்டவேண்டும். இலையில் பாதியைக் குறைத்து, தொட்டியிலோ பையிலோ வைத்து, நிழலில் இரண்டு மாதம் வைத்திருப்பது நலம். நடும்போது தாளை அவிழ்க்காமல் புதைப்பவர்களும் இருக்கின்றனர். அவ்வேர் எங்கே செல்லும்?

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பொதுச்சாலைக்கென மொத்தமாகக் கன்றுகள் வாங்குங்கால், வித்துக் கன்றா பதியனா என்பதைப் பட்டியலிலேயே எழுதித் தரும்படி கேட்கவேண்டும். வாங்குமுன் பத்துக்கு ஒன்றைப் பையிலிருந்து எடுத்து, வேரைக் கண்ணால் பார்த்துவிடவேண்டும். நந்தவனத்திற்காக வாங்கும் பதியனாயின், வேர்கள் சுற்றிலும் சமமாகப் பரவியிருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கமாகவே இருந்தால் திருப்பி அனுப்பிவிடலாம்.